வால் சுருட்டிய ஒன்பது

நான் ஒரு மடத்தனம் செய்தேன். மறைக்கவில்லை. ஆனால் அந்தக் காசில் இருந்தது தப்பான ஒன்பது என்பதை இன்றைக்கும் விட்டுத்தர மாட்டேன்.

தாராவியில் பித்தளைப் பெயர்ப்பலகை செய்யும் பட்டறையில் பதினோரு வருடம் எழுத்து வெட்டியவன் நான். எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு (உடன்குடிப் பக்கத்துக்காரர்) ஓர் எழுத்தின் கால் ஒரு நூல் நீண்டுவிட்டாலும் பொறுக்காது. பலகையைப் பழைய பித்தளையோடு வீசிவிடுவார். எழுத்து மாறினால் அது பிழை. எனக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் மொபைலில் ஒரு வீடியோ வந்தது. பிழையாக அச்சான பழைய காசுகள் லட்சக்கணக்கில் விலைபோகின்றனவாம். உடனே, திருச்செந்தூர் முருகனுக்காக என் மனைவி பேச்சி காசு போட்டுவந்த உண்டியலைக் கவிழ்த்தேன். பட்டறை லென்ஸை வைத்துப் பார்த்தால், பழைய ஒரு ரூபாய்க் காசுகளில் ஏழு மட்டும் வேறு மாதிரி! ஆண்டு எண்ணில் இருந்த ஒன்பது வாலைச் சுருட்டிக்கொண்டிருந்தது. எழுத்துகளும் தடித்தடியாக இருந்தன. எனக்கு வியர்த்துவிட்டது.

"சாமி காசுல கை வைக்காதிய," என்றாள் பேச்சி.

"முருகனுக்கு வெள்ளி வேலே வாங்கிப் போடுதேன், சும்மா இரு."

"மொதல்ல வெவரம் தெரிஞ்சவங்ககிட்ட காட்டிக் கேளுங்க."

(எழுத்து விஷயத்தில் நான் யாரைப் போய்க் கேட்பது? தாராவியில் எல்லோரும் என்னைத்தானே கேட்கிறார்கள்!)

மறுநாள் அண்ணாச்சி வழக்கம்போல ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழமையும் வந்துருடே. செம்பூர்ல ஒரு பிளாட் சொசைட்டிக்கு நாப்பது பலகை குடுக்கணும்."

பதினோரு வருடத்தில் எனக்கு ஞாயிறு என்று ஒன்று இருந்ததே இல்லை. ஆனால் அன்று சட்டைப்பையில் ஏழு காசு இருந்தது.

"நான் மனுசன் அண்ணாச்சி, மெசின் இல்ல. இன்னையோட நின்னுக்கிடுதேன்!"

பட்டறையே வாயைப் பிளந்தது. உளியை மேஜைமேல் வைத்துவிட்டு ராஜா மாதிரி வெளியேறினேன். அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தது மாதுங்கா போன பிறகுதான் தெரிந்தது.

மாதுங்காவில், எங்களிடம் பலகை செய்துகொண்ட ஒரு ரிட்டயர்டு ஆபீசர் இருந்தார். நாற்பது வருடமாகக் காசு சேர்ப்பவர். ஏழு காசையும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பிழையே இல்லையேப்பா. காசு நாலஞ்சு ஊர்ல அடிக்கறா. ஊருக்கு ஊர் அச்சு வேற, எழுத்து கொஞ்சம் மாறத்தான் மாறும். இந்த மாதிரி கோடிக்கணக்குல அடிச்சிருப்பா. கடையில குடுத்தா ஒரு ரூபாய்க்கு எடுத்துப்பா."

"சார், இந்த வாலைப் பாருங்க. எங்க அண்ணாச்சி பாத்தா தூக்கி எறிஞ்சிருவாரு!"

"உங்க அண்ணாச்சியா காசு அடிக்கறார்?"

"அடிச்சா ஒழுங்கா அடிப்பாரு சார்!"

ஒரு மணி நேரம் முன்பு யாரை உதறிவிட்டு வந்தேனோ, அந்த முதலாளிக்காகத்தான் இப்படித் தொண்டை கிழியக் கத்தினேன். மாடிப்படி இறங்கும்போதுதான் பயம் பிடித்தது. வாடகை வீடு, பத்தாவது படிக்கும் மகள், வேலை இல்லை, கையில் ஏழு ரூபாய். அன்று போல நான் என்றுமே பயந்ததில்லை. வீட்டுக்குப் போய் ஏழு காசையும் உண்டியலில் போட்டேன்.

"வேல் எங்க?" என்றாள் பேச்சி.

மறுநாள் காலை பட்டறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை (செருப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா?). அண்ணாச்சி தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் அவரே வெட்டிக் கெடுத்த பலகைகள். ஒவ்வோர் எழுத்தும் ஒவ்வொரு உயரத்தில் நின்றது. ஒன்றைக் கையில் எடுத்தேன்.

"இத வெட்டுனது யாரு அண்ணாச்சி?"

"வாய மூடிக்கிட்டு உக்காருடே."

"ஞாயித்துக்கெழமை?"

என்னைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார். "வராண்டாம். போதுமா?"

போதும் என்றேன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உளியை எடுத்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பெயர் 'லட்சாதிபதி லீவு'. டோம்பிவிலியிலிருந்து வருகிற சொந்தக்காரர்களுக்கெல்லாம் என் மகள் செருப்பு உட்பட முழுக் கதையையும் நடித்தே காட்டுகிறாள். விடிந்ததும் பேச்சி குடத்தோடு வந்து நிற்பாள்: "லட்சாதிபதி இன்னும் எந்திரிக்கலையோ? கொழாய்ல தண்ணி நின்னுரும்!"

சிரிக்கட்டும். பத்து மணி வரை நான் போர்வையை விட்டு வெளியே வரமாட்டேன்.