ஸ்டேசன் சுவரில் சம்மாட்டியின் முகம்

எங்கள் பக்கத்தில் ஒரு மனிதருடைய முகம் சுவரில் பெரிதாக வருவதற்கு இரண்டே காரணங்கள்தான் உண்டு. ஒன்று, அவர் தேர்தலில் நிற்கிறார். இல்லாவிட்டால், செத்துப்போய்விட்டார். (இரண்டும் ஒன்றுதான் என்று சொல்பவர்களோடு நான் வாதாடுவதில்லை.) மன்னார்த் தீவில் பிறந்த கைக்குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை, நுண்கலை படித்துப் பட்டம் வாங்கிய ஒரு மடையன் மறந்துபோனான். அந்த மடையன் நான்தான்.

அப்போது எனக்கு வேலை இல்லை, தாடி இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்துவிட்டுத் தோட்டவெளிக்குத் திரும்பி வந்து, ஊரிலுள்ள எல்லாரையும் ரசனை கெட்டவர்கள் என்று இகழ்வதை முழுநேரத் தொழிலாகச் செய்துகொண்டிருந்தேன். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதித் தரச்சொல்லி யாராவது வந்தால், அவரை மேலும் கீழும் பார்ப்பேன். கோயில் மாதா சுரூபத்துக்கு வர்ணம் பூசக் கூப்பிட்டால், "அது என் துறை இல்லை" என்பேன். சோற்றுக்கு மட்டும் அம்மாவிடம் நேரம் தவறாமல் போய்விடுவேன். சோறு எல்லாத் துறைகளுக்கும் பொதுவானது அல்லவா?

பேசாலையில் ஜெனிற்றா இருந்தாள். கம்பஸில் என்னோடு படித்தவள். என் தாடியைப் பார்த்து ஏமாந்த ஒரே ஆள். அவளுடைய அப்பா பிலேந்திரன், வள்ளங்களும் வலைகளும் ஆட்களும் வைத்திருக்கும் பெரிய சம்மாட்டி. என் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்கப் போனேன். மனிதர் எங்களைக் கதிரையில் இருத்தி, மரியாதையாகத்தான் கேட்டார்.

"தம்பி என்ன செய்யிறீர்?"

"ஓவியன், ஐயா."

"அது சரி. வேலை என்ன செய்யிறீர் எண்டு கேட்டனான்."

அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்துவிட்டு வந்தோம்.

அந்த நேரத்தில்தான் கொழும்பிலிருந்து கலை வந்து இறங்கியது. கொழும்பு நகரத்து ரயில் ஸ்டேசன்களின் சுவர்களில் ஓவியம் தீட்டுகிற ஒரு திட்டம். அங்கே தீட்டி முடிந்த பிறகு கொஞ்சம் பெயின்ற் மிஞ்சியிருக்கிறது. பாதை முடிகிற இடம்வரை கலையைக் கொண்டுபோவோம் என்று யாருக்கோ ஞானம் பிறந்து, எங்கள் தீவிலும் ஒரு ஸ்டேசனைப் பிடித்துவிட்டார்கள். (எந்த ஸ்டேசன் என்று சொல்லமாட்டேன். இருப்பதே கொஞ்சம்தான், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.)

இணைப்பாளர் என்று ஒருவர் வந்தார். தமிழ் தெரியாது. ஐரோப்பாவின் நிலத்தடி ரயில் நிலையங்களைப் பற்றியே பேசினார். அங்கே சுவரெல்லாம் ஓவியமாம், கூரையெல்லாம் சிற்பமாம், லட்சக்கணக்கான சனம் கலைக்குள்ளால் நடந்து வேலைக்குப் போகிறதாம். எங்கள் ஸ்டேசனில் ரயில் வந்துபோன பிறகு மிஞ்சுவது நிழலுக்கு ஒதுங்கும் கழுதைகள்தான். அவற்றைப் பார்த்தபடியே அவர், "பயணிகளின் அன்றாடத்தை நாங்கள் குலைக்கவேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் பரவசமாகத் தலையை ஆட்டினேன். ஒரு கழுதையும் ஆட்டியது.

என்னையே ஓவியனாகவும் மொழிபெயர்ப்பாளனாகவும் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒரு முகம் வேண்டும் என்றார். பிரபலமானவர் வேண்டாம், உழைக்கிற சாதாரண மனிதர் வேண்டும். எனக்கு உடனே பொறி தட்டியது. பிலேந்திரன் சம்மாட்டி சாதாரண மனிதரும் இல்லை, அவர் கையால் வலை இழுத்துக் கனகாலம். ஆனால் அவருக்கு ஒரு மகள் இருந்தாள். கலைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

கடற்கரையில் வலையும் சாமானும் வைக்கும் அவருடைய வாடிக்குப் போனேன்.

"ஐயா, உங்கட முகத்தை ஸ்டேசன் சுவரில கீறப்போறன்."

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏன், என்ர முகத்துக்கு என்ன?"

"ரெண்டு ஆள் உயரத்துக்கு வரும்."

இப்போது கண்ணை எடுத்தார். பிறகு, "எத்தினை ஆள் எண்டனீர்?" என்று கேட்டுக்கொண்டே எழும்பி உள்ளே போனார். முகம் வழித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு வந்து நின்றார். போனில் படம் பிடித்தேன். புறப்படும்போது தோளில் தட்டிச் சொன்னார்: "படம் நல்லா வந்தா, அந்த மற்ற விசயத்தைக் கதைப்பம். வீட்டில ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். பாத்து வாயைப் பிளக்கட்டும்."

(பிளந்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.)

அடுத்த கிழமையே அவர் கண் ஒப்பரேஷனுக்குக் கொழும்பிலிருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டார். திறப்புவிழாவன்று வரும் ரயிலில் வந்து இறங்கி, தன் முகத்தைத் தானே பார்ப்பதாக ஏற்பாடு. ஜெனிற்றா எனக்குக் கிடைப்பாளா என்பது இப்போது அந்தச் சுவரின் கையில் இருந்தது.

நீலத் தறப்பாளைக் கட்டி மறைத்துவிட்டு உள்ளே நின்று தீட்டினேன். கறுப்பு வெள்ளையில்தான். வர்ணம் என்பது புடவைக் கடைக்காரரின் ரசனை என்று இணைப்பாளர் சொன்னார். அவர் வசனத்தை முடிக்கும் முன்னே நான் ஒத்துக்கொண்டேன். முகத்தின் கீழே பெயர், பிறந்த ஆண்டு, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. வெளிநாட்டு ஓவியக்கூடங்களில் அப்படித்தானாம். ஜெனிற்றாவுக்கு மட்டும் போனில் காட்டினேன்.

"ஏன் அப்பாவைக் கறுப்பு வெள்ளையில கீறினனீங்கள்?"

"அது நவீனம்."

"அந்தக் கோடு என்னத்துக்கு?"

"ஆள் உயிரோட இருக்கிறார் எண்டு அர்த்தம்."

"பாக்க, அங்கால இன்னும் ஒண்டு எழுதக் கிடக்கு எண்ட மாதிரியெல்லோ இருக்கு?"

நான் பெருமூச்சு விட்டேன். கலையைப் பார்க்கக் கண் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். அவள் கொட்டாவி விட்டாள். அந்தக் கொட்டாவியிலிருந்த அறிவு என் பட்டத்தில் இருக்கவில்லை.

விழா நாள் வந்தது. கச்சான் காற்று பேய்மாதிரி வீசியது. குத்துவிளக்கை மேடையில் வைத்தார்கள், அணைந்தது. மூலையில் வைத்தார்கள், அங்கும் அணைந்தது. கடைசியில் காற்றுப் படாத ஒரே இடம் சுவரடிதான் என்று கண்டுபிடித்து, சம்மாட்டியின் முகத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து வைத்தார்கள். சுடர் ஆடாமல் அசையாமல் எரிந்தது. நான் நிம்மதியடைந்தேன்.

பிரதம விருந்தினர் தறப்பாளை அவிழ்த்துப் படத்தைத் திறந்துவைத்தார். தன்னடக்கமான மனிதர். தனக்குப் போட்ட ஆளுயர மாலையைக் கழற்றி, "இந்த மரியாதை இவருக்குத்தான் சேரவேண்டும்" என்று தறப்பாள் கட்டியிருந்த ஆணியில் கொழுவிவிட்டார். மாலை சம்மாட்டியின் கழுத்தில் அளவெடுத்த மாதிரி இறங்கியது. நான் கைதட்டினேன். முதலில் தட்டியவனே நான்தான்.

பிறகு இணைப்பாளர் பேசினார், நான் மொழிபெயர்த்தேன். ஸ்டேசனில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. அவை வழியாக என் குரலில் ஊருக்குக் கேட்டது இதுதான்: "பிலேந்திரன் இனி ஒரு தனி மனிதர் அல்ல. அவர் எங்கள் எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டார். இந்தக் கடல் அவரை ஒருபோதும் மறக்காது." கடைசியாக, படைப்பை உள்வாங்கிக்கொள்ள எல்லோரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்கவேண்டும் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். குரலில் கொஞ்சம் உருக்கம் சேர்த்து.

அந்த மௌனத்தை ஒரு ஓட்டோக்காரர் போனில் படம் எடுத்து முகநூலில் போட்டார். குற்றமில்லை. கறுப்பு வெள்ளை முகம், மாலை, விளக்கு, தலைகுனிந்து நிற்கும் சனம். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் நினைத்திருப்பேன். கனடாவிலிருந்து முதல் இரங்கல் வந்தபோது நாங்கள் இன்னும் மௌனத்தில்தான் நின்றோம். பிரான்சிலிருக்கும், சம்மாட்டிக்கு மருமகன் முறையான ஒருவன் புறாவும் மெழுகுதிரியும் போட்டுக் கண்ணீர் அஞ்சலியே அடித்து அனுப்பிவிட்டான்.

பேசாலையில் வீடு இடிந்து விழுந்த மாதிரி ஒப்பாரி எழும்பியது. ஆள் கொழும்புக்குப் போனது ஒப்பரேஷனுக்கு என்று ஊருக்கே தெரியும். அவருடைய போனுக்கு எடுத்தால் வேலை செய்யவில்லை. (மனிதர் சார்ஜ் வீணாகிவிடும் என்று போனை எப்போதும் அணைத்தே வைத்திருப்பார். தான் கதைக்கவேண்டும் என்றால் மட்டும் உயிர் கொடுப்பார்.) மூத்த மகளின் போனோ, வெளிநாட்டு அழைப்புகளால் ஓயாமல் பிஸியாகவே இருந்தது. ஜெனிற்றா நடுவில் நின்று, "ஐயோ, அது படம்! வெறும் படம்!" என்று கத்தியிருக்கிறாள். "பிள்ளைக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று பெரியம்மாமார் அவளைப் பிடித்து இருத்தித் தலையில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். எனக்கும் எத்தனையோ தரம் எடுத்தாள். நான் மேடையில் போனை மௌனத்தில் போட்டிருந்தேன். அன்றைக்கு எல்லாமே மௌனம்.

"பிரேதம் எப்ப வருகுது?" என்று யாரோ கேட்டார்களாம். "ஆள் இண்டைக்குக் கொழும்புக் கோச்சியில ஏறி வாறார் எண்டுதான் சொன்னவர்" என்று மாமி, அதாவது ஜெனிற்றாவின் அம்மா, விம்மலுக்கிடையில் சொன்னாராம். அவ்வளவுதான். ஊர் புறப்பட்டது.

ரயிலோ வழக்கம்போலப் பிந்தியது. அதற்குள் ஸ்டேசனுக்கு சனம் வந்து குவியத் தொடங்கிவிட்டது. ஓட்டோவில், லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினில், வெறுங்காலில். வெள்ளைச் சேலைகள். சுவரைக் கண்டதும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு விழுந்தார்கள். சனம் என்ன நினைத்து வந்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இணைப்பாளருக்கு மட்டும் ஆனந்தம். வீடியோ எடுத்துக்கொண்டே என் காதில் சொன்னார்: "பாருங்கள், கலை அவர்களை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருக்கிறது! கொழும்பில் ஒருவர்கூட அழவில்லை."

மைக்கைப் பிடித்து, "ஐயா உயிரோட இருக்கிறார்!" என்று கத்தினேன். அழுகை இரண்டு மடங்கானது. சாவீட்டில் எல்லாரும் சொல்வது அதுதானே?

ரயில் வந்தது. பிரேதப் பெட்டி சாமான் பெட்டியில்தான் வரும் என்று சனம் முழுவதும் கடைசிப் பெட்டியை நோக்கி ஓடியது. முன் பெட்டியிலிருந்து, கறுப்புக் கண்ணாடியும் கையில் ஒரு கேக் பெட்டியுமாகப் பிலேந்திரன் சம்மாட்டி இறங்கினார். கூட்டத்தின் பின்னால் வந்து, கடைசியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டார்.

"ஆர் மோசம் போனது?"

"பிலேந்திரன் சம்மாட்டி," என்றார் அவர், திரும்பிப் பாராமலே.

"எப்ப?"

"கொழும்பிலயாம். ஒப்பரேஷன் பிழைச்சுப் போச்சாம். சனம் பொய்யுக்கும் அழுகுது, ஆள் சரியான முசுடு."

அவருக்குப் பக்கத்தில் சம்மாட்டியின் சொந்தத் தம்பி, பெரிய வள்ளத்தை இனி யார் பார்ப்பது என்று இன்னொருவரோடு தாழ்ந்த குரலில் ஆலோசித்துக்கொண்டிருந்தார். சம்மாட்டி நின்று, பொறுமையாக, அதையும் முழுவதும் கேட்டார். பிறகு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். புதுக் கண்ணால் சுவரைப் பார்த்தார். ஒப்பரேஷன் செய்த கண் முதலில் பார்த்த பெரிய காட்சி, மாலை போட்ட தன் முகம்.

"டேய்!" என்று ஒரு குரல் விட்டார். புயலிலும் வள்ளத்துக்கு வள்ளம் கேட்கிற குரல் அது.

சனம் திரும்பியது. இரண்டு பேர் மயங்கினார்கள். தம்பி சிலுவை போட்டார். மாமி மட்டும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து, கைப்பையால் அவருடைய முதுகில் சாத்தினார். "போனை நிப்பாட்டி வைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்! எத்தினை தரம்!" அடித்துக்கொண்டே அழுதார். நான் அன்றைக்குக் கண்ட உண்மையான கண்ணீர் அதுதான். வெட்கத்தில் என்னால் அந்தக் காட்சியைப் பார்க்க முடியவில்லை.

சம்மாட்டி என்னிடம் வந்தார். நான் ஒலிபெருக்கிக்குப் பின்னால் முக்கால்வாசி ஒளிந்திருந்தேன்.

"நீதானே கீறினது?"

"ஓம் ஐயா."

"மாலை?"

"அது விருந்தினர்..."

"விளக்கு?"

"அது காத்து..."

அவர் சுவரை இன்னொருதரம் பார்த்தார். அழுது வீங்கிய முகத்தோடு நின்ற மகளைப் பார்த்தார். அவளுடைய தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது. அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"இவனை வெளியில விட்டா அடுத்ததா ஆரைக் கீறுவானோ தெரியாது. வீட்டுக்குள்ள வச்சிருந்தாத்தான் ஊருக்குப் பாதுகாப்பு."

எனக்கு அது விளங்கவில்லை. பொலிசைக் கூப்பிடப்போகிறார் என்றே நினைத்தேன். ஜெனிற்றாதான் முதலில் சிரித்தாள். இணைப்பாளர் என் கையைச் சுரண்டி, என்ன சொன்னார் என்று கேட்டார். வாழ்க்கையில் முதல்தரமாக மொழிபெயர்க்க மறுத்தேன்.

கலியாணத்துக்கு முன்னர் அவர் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார். சுவரிலிருக்கும் தன் முகத்தின் காதோரம் ஒரு போனைக் கீறவேண்டும். "செத்தவன் போன் கதைக்கமாட்டான்" என்பது அவர் வாதம். நவீனத்தையெல்லாம் மூட்டைகட்டி வைத்துவிட்டு, ஏணியில் ஏறிக் கீறினேன். அன்றிலிருந்து ரயிலால் இறங்குகிறவர்கள் அதைப் போன் கொம்பனி விளம்பரம் என்று நினைத்து, ரீலோட் எங்கே போடலாம் என்று ஸ்டேசனில் விசாரிக்கிறார்கள். இணைப்பாளரோ வெளிநாட்டுக் கருத்தரங்குகளில் அந்தப் படத்தைக் காட்டி, மீனவ சமூகத்தில் தொழில்நுட்பம் பற்றிப் பேசுவதாகக் கேள்வி. அழும் பெண்களின் வீடியோவையும் காட்டுகிறாராம். பரிசும் கிடைத்ததாம். கிடைக்கட்டும், அந்த மனிதருக்கு வேறு வேலையும் தெரியாது.

நான் இப்போது சித்திர வாத்தியார். கடைப் பலகை, கோயில் சுரூபம் எல்லாவற்றுக்கும் போவேன். வீட்டில் மட்டும் எனக்கு மதிப்பில்லை. நான் போனைத் தூக்கி யாரையாவது படம் பிடிக்கப் போனாலே மாமி நெற்றியில் சிலுவை போடுவார். யாருக்காவது தடிமன், காய்ச்சல் என்றால், "அத்தான், பென்சிலை ஒளிச்சு வையுங்கோ" என்று மைத்துனிமார் சத்தம் போடுவார்கள். ஊரில் இரண்டு கிழவர்கள் மட்டும், பெண்சாதிமாருக்குத் தெரியாமல் வந்து, தங்களையும் சுவரில் கீறமுடியுமா என்று கேட்டார்கள். யார் யார் அழுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.

போன மாதம் எங்கள் பங்குக் கோயிலுக்குப் புதிதாக வந்த சுவாமியார் வீட்டுக்கு வந்திருந்தார். மாமா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு அறிமுகப்படுத்தினார். "சுவாமி, இவர் மருமகன். என்ர செத்தவீட்டை முன்கூட்டியே செய்து முடிச்சிட்டார். பெடியன் கெட்டிக்காரன், அழுத ஆக்களின்ர பேர் எல்லாம் எனக்குத் தெரியும்." சுவாமியார் வாய்விட்டுச் சிரித்தார், மாமி சிரித்தார், ஜெனிற்றா தேத்தண்ணித் தட்டோடு நின்று எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன். இத்தனை வருடமாகியும், சிரிக்காவிட்டால் மனிதர் பெண்ணைத் திருப்பிக் கேட்டுவிடுவார் என்ற பயம் எனக்குப் போகவில்லை.