ஒரு நாற்காலி, ஊர்ப்பட்ட அவசரம்

"அங்கிள், யாரு முதல்ல வந்தாங்கன்னு பாக்காதீங்க. யாரு முதல்ல போகணும்னு பாருங்க," என்றான் ரூபன்.

சின்னையா கத்தரிக்கோலை நிறுத்தாமல் கண்ணாடிக்குள்ளேயே அவனை ஒரு பார்வை பார்த்தார். தீபாவளிக்கு முதல் நாள் காலை. புந்தோங்கில் அவருடைய முடிவெட்டும் கடையில் பெஞ்சு நிறைந்து, வாசலில் நின்ற மோட்டார்களின் மேலெல்லாம் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். வேலை பெர்மிட் புதுப்பிக்கச் சொந்த ஊருக்குப் போன உதவியாள் போனவர் போனவர்தான். இப்போது கடையில் இருப்பது ஒரு நாற்காலி, ஒரு ஜோடிக் கை.

"எல்லாரும்தான் போகணும். இங்கயேவா படுத்துக்கப் போறானுங்க?"

"அதுக்குத்தான் நான் வந்திருக்கேன். பாருங்க அங்கிள்."

அங்கிள் என்று வாய் சொன்னாலும் மனதுக்குள் மாமா என்றே சொல்லிக்கொண்டான். சின்னையாவின் மகள் தினேஸ்வரியை அவன் விரும்புவது புந்தோங்குக்கே தெரியும். மறுநாள் அவன் வீட்டார் தட்டோடு பெண் கேட்டு வருவதாக இருந்தது. சின்னையாதான் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பையன் மேல் குறையில்லை. பையன் பார்க்கிற வேலைதான் அவருக்கு விளங்கவில்லை.

"எந்த வேலையை எந்த நேரத்துல செய்யணும்னு மெசினுக்குச் சொல்லிக் குடுக்குற வேலையாம்ல? அதுக்குத்தான் சுவத்துல கடிகாரம் மாட்டியிருக்கே!" என்று மகளிடம் கேட்டிருந்தார்.

விளக்கிச் சொல்லிச் சலித்துப்போன தினேஸ்வரிதான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள். "ஒரு நாள் கடையை அவருகிட்ட விட்டுப் பாருங்கப்பா. சாயங்காலம் உங்க முடிவைச் சொல்லுங்க. நான் மறு வார்த்தை பேச மாட்டேன்."

ரூபன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. ஜெலாப்பாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையை அவன் எழுதிய புரோகிராம்தான் ஓட்டியது. அடுப்பு, பெல்ட், பொட்டலம் கட்டும் மெசின் எல்லாவற்றுக்கும் அங்கே ஒரே ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எதற்குக் கெடு நெருங்குகிறதோ அதை முதலில் கவனிக்கும், மற்றதைக் காத்திருக்கச் சொல்லும். கண் சிமிட்டும் நேரம் பிந்தினாலும் பிஸ்கட் கருகிவிடும். இன்றுவரை கருகியதில்லை. பிஸ்கட்டையே கட்டி மேய்த்தவனுக்கு மனிதர்கள் எம்மாத்திரம்!

கடை நடுவில் நின்று கையைத் தட்டினான். "அண்ணே, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. எத்தனை மணிக்குள்ள போகணும்?"

பெஞ்சில் முதலில் இருந்தவர் லோரி ஓட்டும் பத்துமலை. அவர் மனிதர்களில் தங்கம். "எனக்கு அவசரமில்ல தம்பி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போனா போதும்."

"நல்லது அண்ணே. நீங்க கடைசி."

அதைக் கேட்டதும் பெஞ்சு மொத்தமும் விழித்துக்கொண்டது. "எனக்கு ஒரு மணி நேரத்துல போகணும்," என்றார் அடுத்தவர். "எனக்கு இப்பவே போகணும்," என்றார் அவருக்கு அடுத்தவர். "நான் நேத்தே போயிருக்கணும்!" என்று வாசலில் மோட்டார் மேலிருந்து ஒரு குரல் வந்தது.

"அலமாக்! அப்ப எனக்கும்தான் அவசரம்," என்று எழுந்தார் பத்துமலை.

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான் அண்ணே. ரிலேக்ஸ் லா."

உண்மை சொன்ன ஒரே மனிதர் ஓரத்துக்குப் போனார். புளுகியவர்களெல்லாம் முன்னால் வந்தார்கள். உலக வழக்கம்தான் என்றாலும், ரூபனுடைய புரோகிராமில் பொய் சொல்லும் பிஸ்கட்டுக்கு இடம் வைத்திருக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பஸ் ஓட்டும் தர்மா மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தான். "அண்ணே, கோலாலம்பூர் பஸ்ஸை நான்தான் எடுக்கணும். ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் லா!"

நாற்காலியில் இருந்தவர் நாகூர் மீரான். நாலு கடை தள்ளிச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருடைய வலது பக்கத்தைச் சின்னையா அழகாக முடித்திருந்தார். இடது பக்கம் இன்னும் காடாகத்தான் இருந்தது.

"பாய், கொஞ்சம் எழுந்திரிங்க. இவருக்குக் கெடு நெருங்கிருச்சு," என்றான் ரூபன்.

"என்னது? பாதியிலயா?"

"விட்ட இடத்துலேருந்து அப்புறம் தொடங்கிக்கலாம். எங்க பெல்ட் எல்லாம் அப்படித்தான் ஓடுது."

பெல்ட்டுக்குக் கோபம் வராது. நாகூர் மீரானுக்கு வந்தது. மேலே போர்த்திய துணியோடு எழுந்து, ஒரு பக்கம் மாப்பிள்ளை மாதிரியும் மறுபக்கம் கரடி மாதிரியும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தர்மாவுக்கு உச்சியில் மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனைவிட அவசரக்காரர் ஒருவர் வந்துவிட்டார். அவருக்கு நுரை தடவி முடிப்பதற்குள் இன்னொருவர் வந்தார்.

சின்னையாவின் நெற்றியில் வியர்வை. "தம்பி, ஒருத்தனையும் முடிக்க விட மாட்டேங்கிறியே?"

"கவலைப்படாதீங்க அங்கிள். இதுக்கு ஒரு வழி இருக்கு."

வழி இல்லாமல் அவன் என்றைக்கு இருந்தான்? பெஞ்சில் இருந்தவர்களின் புகார் ஒன்றுதான், தங்கள் முறை வரவே இல்லை என்பது. அப்படியானால் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்று முறையில் கொடுத்துவிட்டால் போயிற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம், அப்புறம் அடுத்தவர். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. இதைவிட நியாயம் உண்டா?

உற்சாகத்தில் வாசலுக்கே போய்க் கூவினான். "அண்ணே வாங்க, காத்திருக்க வேண்டாம்! வந்த உடனே நாற்காலி!"

இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தது போல் சாலையில் போனவர்களெல்லாம் உள்ளே வந்தார்கள். சொன்னபடியே உடனே உட்கார்ந்தார்கள். சொன்னபடியே உடனே எழுப்பவும் பட்டார்கள். பத்துமலைக்கும் ஒரு வழியாக முறை வந்தது. இடது மீசை போனதும் ரூபனின் போனில் ஐந்து நிமிட மணி அடித்தது, வலது மீசை அடுத்த சுற்றுக்கு நின்றது.

கோப்பி வாங்கிக்கொண்டு வந்த தினேஸ்வரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ரூபன், என்னா இது? கடையா, சர்க்கஸா?"

"நியாயம் நடந்துக்கிட்டு இருக்கு, தினேஸ்."

"நியாயத்துக்கு ஏன் பாதி மீசை?"

அவன் பதில் சொல்வதற்குள் நாகூர் மீரானின் பொறுமை தீர்ந்தது. "போதும்பா உங்க நியாயம்!" என்று துணியை உதறிக் கையில் பிடித்தபடி எதிர்வரிசையில் இருந்த சீனியின் முடிவெட்டும் கடைக்கு விறுவிறுவென்று நடந்தார். போன வேகத்திலேயே திரும்பியும் வந்தார்.

"அவன் தொட மாட்டேங்கிறான்! சின்னையா கை வச்ச தலையாம். அவன் வெட்டுனா தொழிலுக்கு மரியாதை இல்லையாம்."

"உண்மைதான் பாய்," என்றார் சின்னையா வருத்தமாக. "ஒருத்தன் ஆரம்பிச்ச தலையை இன்னொருத்தன் முடிக்கக் கூடாது. அது எங்க ரெண்டு பேருக்கும் உள்ள பேச்சு."

ரூபனுக்கு நாளைக்குத் தட்டோடு வரப்போகும் அம்மாவின் முகம் ஒரு கணம் கண்முன் வந்து போனது. ஆனாலும் அவன் விடவில்லை. அடுத்தது யார் என்று பார்த்தான். தர்மா. நாற்காலியில் உட்கார வைத்தான்.

"துணி எங்க?" என்று கேட்டார் சின்னையா.

துணி எல்லாம் எழுந்து போனவர்களின் கழுத்திலும் கையிலும் இருந்தது. பத்துமலை தன்னுடையதை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "தர மாட்டேன். இதைக் குடுத்தா எம் முறையும் சேந்து போயிரும். நாற்காலி குடு, துணி தாரேன்."

"துணி வந்து வெட்டி முடிச்சாத்தான் எந்திரிப்பேன்," என்றான் தர்மா நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு.

"துணி இல்லாம நான் மெசினைத் தொட மாட்டேன்," என்றார் சின்னையா.

கடை அப்படியே நின்றுவிட்டது. கத்தரிக்கோல் சத்தம்கூட இல்லை. நாற்காலிக்காரன் துணிக்கும் துணிக்காரர் நாற்காலிக்கும் காத்திருந்தார்கள், யாரும் அசையவில்லை. ரூபனுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் வந்தால் எல்லாவற்றையும் ஒரு முறை நிறுத்தி மறுபடி ஓட்டுவான். மனிதர்களுக்கு அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை. இருந்தாலும் முயன்று பார்த்தான்.

"எல்லாரும் வெளிய போயிட்டு, மறுபடியும் உள்ள வாங்க."

"இந்தக் கோலத்துலயா?" பத்துமலை அலறினார். "பக்கத்துக் கோயில் வாசல்ல எஞ் சம்பந்தி நிக்கிறாரு தம்பி!"

கடைசியில் தினேஸ்வரிதான் மாடிக்கு ஓடி, அம்மாவின் பழைய சேலைகளை ஒரு கட்டாகக் கொண்டு வந்தாள். பெரிய பெரிய ரோஜாப் பூப்போட்ட சேலை தர்மாவின் கழுத்தைச் சுற்றியது. கோபத்தில் இருந்த நாகூர் மீரானே சிரித்துவிட்டார். மெசின் மறுபடி சத்தம் போட்டது.

"நீ அந்த ஓரமா உக்காரு தம்பி," என்றார் சின்னையா. குரலில் கோபம் இல்லை. அதுதான் ரூபனை மிகவும் பயமுறுத்தியது. "இனிமே எல்லாத்தையும் நான் முடிச்சிக்கிறேன்."

சாப்பிடக்கூட எழாமல் ஒவ்வொரு தலையாக எடுத்து முடித்தார். பிற்பகலில் ரூபன் தர்மாவைக் கேட்டான், "அண்ணே, கோலாலம்பூர் பஸ் என்னாச்சு?"

"அது சாயங்கால பஸ்தான் தம்பி. இப்பத்தான் போறேன். அவசரம்னு சொன்னாத்தானே நாற்காலி குடுத்தீங்க?"

கடைசியாகப் பத்துமலை வலது மீசையையும் மழித்துக்கொண்டு போனபோது வெயில் தாழ்ந்துவிட்டது. தரையில் முடி கணுக்கால் வரை கிடந்தது. ரூபன் துடைப்பத்தை எடுத்துக் கூட்டினான். கண் எரிந்தது, முடி விழுந்ததால் இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக்கி வைத்திருக்கிறோம், அதுவும் பாதி மீசைக் குரங்கு என்று நினைத்துக்கொண்டான். தினேஸ்வரி பக்கத்தில் வந்து முறத்தைப் பிடித்தாள்.

சின்னையா கையைக் கழுவிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "தம்பி, நீ நல்ல பையன். மறுக்கலை. ஆனா பாரு..."

வாசலில் நிழல் விழுந்தது. எதிர்க்கடைச் சீனி நின்றார்.

"வா சீனி," என்றார் சின்னையா அலுப்போடு. "சிரிக்கத்தானே வந்த? சிரிச்சிட்டுப் போ."

"சிரிக்கிற நிலைமையிலயா அண்ணே நான் இருக்கேன்? வருசா வருசம் உங்க கடைக் கூட்டத்தைப் பாத்துட்டுப் பாதிப் பேரு எங்கிட்டதான் வருவான். இன்னைக்குக் காலையிலேருந்து ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன். வந்த ஒண்ணு ரெண்டு தலையிலயும் உங்க கை பட்டிருக்கு, நான் எப்படித் தொடுவேன்? புந்தோங்குல ஒரு தலை மிச்சமில்ல!"

சின்னையா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

சீனி துடைப்பத்தோடு நின்ற ரூபனைத் தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு சின்னையா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"இந்தத் தம்பி விசயத்துல நீங்க இன்னும் முடிவு சொல்லலைன்னா, எங்க வீட்டுலயும் ஒரு பொண்ணு இருக்கு அண்ணே."