சக்கரபாணி கண்டுபிடித்த மோசடிப் பட்டு

சக்கரபாணி யாரையும் நம்புகிறவர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று காட்டும் மணியை இன்னொன்றில் சரிபார்த்த பிறகுதான் ஆபீசுக்குக் கிளம்புவார்.

அதற்கு அவர் பார்க்கிற உத்தியோகமும் ஒரு காரணம். ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அவர் நகை மதிப்பீட்டாளர். அடகுக்கு வருகிற நகையை உரைகல்லில் உரசி, திராவகம் ஒரு சொட்டு விட்டு, அசலா கவரிங்கா என்று சொல்ல வேண்டும். இருபத்தேழு வருஷமாக இதே வேலை. நகையை விட்டுவிட்டு நகை கொண்டுவந்தவரையே உரசிப் பார்க்கிற அளவுக்கு முற்றிவிட்டது. கல்யாணத்தில் மாமனார் போட்ட மோதிரத்தை மணமேடையிலேயே உரசிப் பார்த்தார் என்று மாமனார் ஊரான சிதம்பரத்தில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மறுநாள் காலையில்தான் உரசினார்.

போன மாதம் அவருடைய ஆபீசில் சுப்புராயன் ஆன்லைனில் மூன்று இறக்கை மின்விசிறிக்கு ஆர்டர் போட்டார். பார்சலைப் பிரித்தால் உள்ளே மூன்று பனை ஓலை விசிறி இருந்தது. சுப்புராயன் அழுதார். சக்கரபாணிக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இதைத்தானே இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்! அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அறிவித்தார்.

"அமராவதி! இன்னியிலேருந்து ஆன்லைன் பார்சல்னு ஒண்ணு இந்த வாசப்படியத் தாண்டக் கூடாது. ஒன் போனக் குடு."

அவர் மனைவி அமராவதி போனைக் கொடுத்தாள். கடை சம்பந்தப்பட்ட அத்தனையையும் அழித்தார். கூடவே பஞ்சாங்கமும் அழிந்துவிட்டது. அதிலும் விளம்பரம் வந்ததாம்.

"என்னிய ஒருத்தன் ஏமாத்திட்டான்னு கேள்விப்பட்டா, அன்னியோட உரகல்லத் தூக்கிக் கடிலம் ஆத்துல போட்டுடறேன்" என்றார்.

"எதுக்கு மாமா பெரிய வார்த்தயெல்லாம்?" என்றாள் அமராவதி. காபியை வைத்துவிட்டு மெல்ல ஆரம்பித்தாள். "அண்ணன் போன் பண்ணுச்சி. வெண்மதிக்கு வர்ற பதினாலாந் தேதி வளகாப்பாம்."

வெண்மதி அவளுடைய அண்ணன் பாண்டியனின் மகள். சிதம்பரத்தில் விசேஷம்.

"போயிட்டு வருவோம். பஸ்சு இருக்குதுல்ல."

"அத்தக்காரி நாந்தான மாமா மொத வளையல் போடணும்? எங்க வூட்டு வழக்கம் தெரியும்ல? மொத வளையல் போடுறவ அவ புருசன் கையால எடுத்துக் குடுத்த புதுப் பட்டுதான் கட்டணும்."

"பீரோவுல பொடவ அடுக்கி வெச்சிருக்கிறியே!"

"அது பழசு மாமா. சின்ன அண்ணிக்கெல்லாம் எடுத்தாச்சாம். நா மட்டும் பழசக் கட்டிக்கினு போயி நிக்கணுமா?"

"நீதான் தைச்சி சம்பாரிக்கிறியே, எடுத்துக்க."

"நா எடுத்தா செல்லாது. புருசன் எடுக்கணும்."

சக்கரபாணி கண்ணைச் சுருக்கினார். "இந்த வழக்கத்தக் கெளப்பிவுட்டது யாரு தெரியுமா? எவனோ ஒரு ஜவுளிக் கடக்காரன். இதுவே ஒரு மோசடி."

அமராவதியின் முகம் வாடிவிட்டது. அவள் கேட்டது நியாயந்தான். பிறந்த வீட்டில் நாலு பேர் முன்னால் 'எங்க வூட்டுக்காரர் எடுத்துக் குடுத்தாரு' என்று ஒரு தரம் சொல்ல வேண்டும் என்கிற ஆசை அவளுக்கு இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறது. அவள் பொய் சொல்கிறவளும் இல்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சத்தம் போடாமல் போனதே சக்கரபாணிக்குக் கொஞ்சம் சந்தேகமாக இருந்தது. சர்க்கரையில் எறும்பு வந்ததைக் கவனித்ததில் அதை மறந்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் ஒருவர் பார்சலோடு வந்து நின்றார். பெயர் அரசு. நாற்பது வயசு இருக்கும். மழுமழுவென்று மொட்டை.

"அமராவதிங்கிறவங்களுக்கு பார்சல் சார். மூவாயிரத்தி எண்ணூறு. கேஷ் ஆன் டெலிவரி."

"நீ யாரு?"

"கொரியர் சார். இதோ ஐடி கார்டு."

"இதுல இருக்கிறவனுக்கு முடி இருக்குது, மீச இருக்குது. ஒனக்கு ரெண்டும் இல்லயே?"

"போன வாரம் திருவந்திபுரத்துல மொட்ட போட்டேன் சார். மீசையும் அதோட போச்சி."

"எந்தக் கெழம?"

"சனிக்கெழம சார்."

"சீட்டு குடுத்திருப்பாங்களே, வெச்சிருக்கிறியா?"

அரசு இந்தத் தொழிலில் நாயிடமெல்லாம் கடி வாங்கியவர். ஆனால் மொட்டைக்கு ரசீது கேட்ட வீடு இதுதான். அவர் தலையைத் தடவிக்கொண்டு நின்றார்.

சக்கரபாணி உள்ளே திரும்பி, "அமராவதி! நீ எதனா ஆர்டர் போட்டியா?" என்று கத்தினார்.

அமராவதி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "ஆர்டர் போட என் போன்ல என்னா மாமா மிச்சம் இருக்குது? நீங்கதான பஞ்சாங்கத்தக்கூட அழிச்சிட்டீங்க?"

"அதான பாத்தேன்! கேக்காமயே அனுப்புறானுவோ. நாம பணத்தக் குடுத்துட்டுப் பிரிச்சா உள்ள ஓல விசிறி."

பார்சலை வாங்கி முகர்ந்து பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். அனுப்பியவர் விலாசத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். 'மோகனப் பட்டு இல்லம், மேல வீதி, சிதம்பரம்' என்று இருந்தது. அப்புறம் அரசுவின் மொட்டையையும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பார்சலைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அமராவதி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, பட்டுன்னு போட்டிருந்துச்சே. மூவாயிரத்தி எண்ணூறுக்குப் பட்டு வருமா?"

"எப்பிடி வரும்? நல்ல ஜரிகையா இருந்தா அதப் போல நாலு மடங்கு ஆவும்."

"அப்ப அது பித்தள ஜரிகயா?"

"பித்தளயாத்தான் இருக்கும். தங்கமா இருக்கும்?"

"பாக்காமயே எப்பிடி மாமா சொல்றீங்க?"

"ஒரசிப் பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிடுவேன்."

"பாவம், இது மாதிரி எத்தினி பொம்பளைங்க ஏமாறாங்களோ? ஒரசிப் பாக்கத் தெரிஞ்ச ஆம்பள எல்லா வூட்டுலயும் இருக்கானா?"

சக்கரபாணிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேராப் போயி கையும் களவுமாப் புடிக்கப் போறேன்."

"எதுக்கு மாமா வம்பு? போலீசு பாத்துக்க மாட்டாங்களா? அவுங்க எவ்ளோ பெரிய கூட்டமோ, உங்களால முடியுமா?"

கடைசிக் கேள்வி அவரைத் தைத்துவிட்டது. சனிக்கிழமை லீவு போட்டார்.

உரைகல்லையும் திராவகக் குப்பியையும் தோள் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்சில் ஏறினார். கண்டக்டர் கொடுத்த சில்லறையை இரண்டு தடவை பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்தவர் "எங்க சார் போறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார். மோசடிக் கும்பலின் ஒற்றனாக இருக்கலாம் என்று, "புவனகிரி" என்றார். "இந்த பஸ்சு புவனகிரி போவாதே சார்" என்று அந்த நல்ல மனிதர் பதறிப்போய், அவரை இறக்கிவிடுவதற்காகக் கண்டக்டரைக் கூப்பிட, பெரிய ரகளையாகிவிட்டது.

மேல வீதியில் அந்த விலாசத்தில் கடை இல்லை. ஒரு வீடுதான் இருந்தது. போர்டும் இல்லை. சக்கரபாணிக்கு உள்ளம் பூரித்தது. கதவைத் தட்டினார். முப்பத்தைந்து வயசுப் பெண் ஒருத்தி திறந்தாள். உள்ளே கூடம் முழுக்கப் புடவை.

"நாந்தான் சார் மோகனப்பிரியா. வூட்டுல வெச்சி ஆன்லைன்லதான் விக்கிறோம். நீங்க?"

"ராமாமிர்தம்" என்று நெஞ்சறியப் பொய் சொன்னார். "மூவாயிரத்தி எண்ணூறு ரூவாயில பட்டு இருக்குதுன்னு சொன்னாங்க."

"ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்குது. கடலூருக்கு அனுப்பி ரிட்டன் வந்தது. அந்த வூட்டுல ஒருத்தரு கொரியர்காரரு மொட்டைக்கு ரசீது கேட்டாராம் சார்! இப்பிடியும் ஆளுங்க இருக்காங்க."

சக்கரபாணி இருமினார். அவள் பிரித்துக் காட்டினாள். மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர். அவர் பையிலிருந்து உரைகல்லை எடுத்து மடியில் வைத்தார்.

"நா ஒரசிப் பாப்பேன்" என்றார், போலீஸ்காரர் குரலில்.

"தாராளமாப் பாருங்க சார்."

இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. முந்தானை ஓரத்தில் தொங்கிய ஜரிகை இழை ஒன்றைக் கிள்ளினார். நகத்தால் சுரண்டினார். உள்ளே, அசலில் இருப்பது போலவே, சிவப்புப் பட்டு நூல் தெரிந்தது. கல்லில் தேய்த்துத் திராவகம் ஒரு சொட்டு விட்டார். பித்தளையானால் பச்சையாகப் பொங்க வேண்டும். பொங்கவில்லை. இன்னொரு இழையைத் தேய்த்தார். அதுவும் பொங்கவில்லை. வெள்ளிக் கம்பி, மேலே தங்க முலாம். அசல் ஜரிகை! இருபத்தேழு வருஷ உத்தியோகத்தில் ஒரு பொருள் அசலாக இருந்ததற்காக அவர் இவ்வளவு கலங்கியதில்லை.

மூளை வேகமாக வேலை செய்தது. இது எப்படியும் பதினாலாயிரம் பெறும். மூவாயிரத்து எண்ணூறுக்கு விற்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? இவள் மோசடிக்காரி இல்லை. ஒன்றும் தெரியாத அப்பாவி! கையில் இருப்பது என்னவென்றே தெரியவில்லை. ஒரு கணம் அவருக்கு மனசாட்சி உறுத்தியது. அதற்கு மேல் உறுத்த அவர் விடவில்லை.

"ஜரிக சுமார்தாம்மா" என்றார். "முந்நூறு கொறச்சிக்க."

மோகனப்பிரியா போனை எடுத்தாள். "ஓனரக் கேட்டுச் சொல்றேன் சார்" என்று ஏதோ தட்டினாள். உடனே பதில் வந்தது. படித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரின்னுட்டாங்க சார். ஆனா பில்லுல உங்க நெசப் பேருதான் போடணுமாம். போடலைன்னா செல்லாதாம்."

"சக்கரபாணி" என்று எச்சிலை விழுங்கிக்கொண்டு சொன்னார். பணத்தை வைத்துவிட்டு, அவள் மனசு மாறுவதற்குள் மேல வீதியைத் தாண்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்து புடவையைப் பிரித்துப் போட்டார்.

"அமராவதி! மூவாயிரத்தி ஐநூறு! அசல் ஜரிக! அந்தப் பொம்பளைக்கு மதிப்பே தெரியல. நாந்தான் அவள ஏமாத்திட்டு வந்துட்டேன்!"

அமராவதி புடவையைத் தொட்டுப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்குது. ஆனா எனக்கெதுக்கு மாமா? பழசு இருக்குதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது அன்னிக்கி!"

"வழக்கமே மோசடின்னீங்களே?"

"வழக்கத்த வுட முடியுமாடி? ஒங்க வூட்டு மனுசங்க என்னா நெனைப்பாங்க? கட்டிக்கடி, ஒனக்குப் புண்ணியமாப் போவும்!"

ரொம்பக் கெஞ்சிய பிறகு, அவருடைய மனசு நோகக் கூடாதே என்று அமராவதி சம்மதித்தாள்.

வளைகாப்பு அன்று சிதம்பரத்தில் பாண்டியன் வீடு நிறையக் கூட்டம். அமராவதி மஞ்சள் பட்டில் வந்து நின்றதும் பெண்கள் அத்தனை பேரும் அவளை மொய்த்துக்கொண்டார்கள். "எங்க வூட்டுக்காரரு எடுத்துக் குடுத்தாரு. அவரே சிதம்பரம் வந்து, ஒரசிப் பாத்து, கையோட வாங்கியாந்தாரு" என்றாள். ஒரு எழுத்துப் பொய் இல்லை. அவள் கண் கலங்கியதைப் பார்த்தபோது சக்கரபாணியே கொஞ்சம் இளகிவிட்டார். இத்தனை நாள் ஏன் எடுத்துக் கொடுக்காமல் போனோம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தார்.

அத்தோடு அவர் சும்மா இருந்திருக்கலாம்.

"வெல என்னா தெரியுமா?" என்று கூடத்துக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். "மூவாயிரத்தி ஐநூறு!"

பாண்டியனின் மனைவி கயல்விழி சந்தனக் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். "அண்ணே! நெசமாவா? எனக்கும் அதே மாதிரி ஒண்ணு வாங்கிக் குடுங்கண்ணே. பணம் இப்பவே தரேன்."

"பணமா? ஒங்கிட்ட போயி பணம் வாங்குவேனா? இது என் சீரும்மா. அத்தினி பேரு முன்னாடி சொல்றேன், ஒனக்கு ஒரு பட்டு, என் செலவு!"

"மச்சான்னா மச்சான்தான்!" என்றார் பாண்டியன். கூடம் கை தட்டியது. "மாமா, அப்பறம் பேசிக்கலாமே?" என்று அமராவதி வந்து சட்டையை இழுத்தாள். அவர் காதில் விழவில்லை. போனை எடுத்து, பில்லில் இருந்த நம்பரைத் தட்டி, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் போட்டார்.

"மோகனப்பிரியா! சக்கரபாணி பேசறேம்மா. அதே பட்டு, அதே ஜரிக, அதே வெலையில இன்னொண்ணு எடுத்து வையி."

"அதே வெலயா?" மோகனப்பிரியாவின் குரல் கூடம் முழுக்கக் கணீரென்று ஒலித்தது. "சார், அந்தப் பொடவைக்குத்தான் அமராவதி அக்கா பதினோராயிரம் முன்னாடியே கட்டிட்டாங்களே. நீங்க கொறச்ச முந்நூறக்கூட அவுங்கதான போட்டாங்க? இதுக்கு மீதிய யாரு சார் கட்டறது?"

 வெண்மதிதான் முதலில் சிரித்தாள். கையிலிருந்த வளையல்கள் எல்லாம் குலுங்கின.

சக்கரபாணி மெல்லத் தலையைத் திருப்பி மனைவியைப் பார்த்தார். அமராவதி முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"அண்ணிக்கி வாக்குக் குடுத்துட்டீங்கள்ல மாமா? இந்தத் தடவ முழுசையும் நீங்களே கட்டிடுங்க."