ஹார்மோன் அண்ணனின் மூக்கு

நீங்கள் அழுதால் கைக்குட்டை நீட்டுகிறவர்கள் ஒரு ரகம். ஏன் அழுகிறாய் என்று கேட்கிறவர்கள் இன்னொரு ரகம். மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. அவர்கள் உங்கள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்ணீர்ச் சுரப்பி கண்ணுக்கு மேலே எந்த ஓரத்தில் இருக்கிறது, அழும்போது மூக்கு ஏன் ஒழுகுகிறது என்று விளக்கிவிட்டு, உங்கள் துக்கத்தைத் தீர்த்துவைத்த திருப்தியோடு எழுந்து போவார்கள்.

அந்த மூன்றாவது ரகத்தில் முதல் தரம், நம் ஹார்மோன் அண்ணன்.

டாக்டர் இல்லை. கம்பவுண்டர்கூட இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். பதினைந்து வருஷமாக விசிட்டிங் கார்டு, நோட்டீஸ், ஆண்டறிக்கை என்று ஒற்றெழுத்தைத் துரத்திக்கொண்டிருந்தவரை ஒருத்தரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு நாள் உடலியல் புத்தகம் ஒன்று அச்சுக்கு வந்தது. நானூறு பக்கம். மூன்று தடவை புரூஃப் பார்த்தார். முதல் தடவையில் எழுத்துப் பிழை போயிற்று. இரண்டாவது தடவையில் சந்திப் பிழை போயிற்று. மூன்றாவது தடவையில் அவருடைய அடக்கம் போயிற்று.

அன்று முதல் அச்சகத்தில் யாருக்கும் சொந்தமாக ஓர் உணர்ச்சி இல்லாமல் ஆகிவிட்டது. முதலாளி கத்தினால், "அவர் கத்தலப்பா, அட்ரினலின் கத்துது" என்பார். மெஷின்காரர் கல்யாணம் நிச்சயமான சந்தோஷத்தில் மிட்டாய் நீட்டினால், ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே, "இது டோபமின் தம்பி, ரொம்ப நாள் இருக்காது" என்பார். ஒரு தடவை பைண்டர் கொதிக்கிற பசைச் சட்டியில் கையைச் சுட்டுக்கொண்டு அலறியபடி ஓடி வந்தார். அண்ணன் அவரைப் பாதி வழியிலேயே நிறுத்தினார்.

"கவனிச்சீங்களா? கையை இழுக்கணும்னு நீங்க நினைக்கவே இல்ல. சேதி மூளைக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள தண்டுவடமே உத்தரவு போட்டுடுச்சு. வலி தெரிஞ்சதெல்லாம் அப்புறம்தான்."

"அண்ணே, தண்ணிக் குழாயை மறைச்சுக்கிட்டு நிக்கறீங்க. கொஞ்சம் நகருங்க."

நகர்ந்தார். நகர்ந்துகொண்டே மிச்சத்தையும் சொன்னார்.

வெளியில் இப்படி என்றால் வீட்டில்? அவர் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். நாள் முழுக்கப் பெற்றோர்களிடம் பேச்சு வாங்கிவிட்டு வீட்டுக்கு வந்து, "அந்த ஹெட்மாஸ்டர் எல்லார் முன்னாடியும் என்னை அப்படிப் பேசிட்டாருங்க" என்று ஆரம்பிப்பாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "உனக்குக் கோபம் இல்லம்மா. மத்தியானம் சரியா சாப்பிட்டிருக்க மாட்ட. ரத்தத்துல சர்க்கரை இறங்கியிருக்கு. ஒரு பிஸ்கட் எடுத்துக்கோ." தூக்கம் வரவில்லை என்றால் மெலடோனின். அம்மா நினைப்பாகவே இருக்கிறது என்றால் செரடோனின். எதைச் சொன்னாலும் ஒரு 'னின்' தயாராக இருந்தது. கொஞ்ச நாளில் அவள் சொல்வதைக் குறைத்துக்கொண்டாள். பிறகு நிறுத்தியே விட்டாள். வீடு அமைதியானது. அதை அண்ணன் ஹார்மோன் சமநிலை என்று எடுத்துக்கொண்டார்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குச் சளி பிடித்தது. மூக்கு இரண்டு பக்கமும் அடைத்து, துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மகள் உள்ளறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். நின்றவள் பேசவில்லை. உள்ளே போனாள். மறுபடியும் வந்தாள்.

"என்னங்க, கேஸ் வாசனை வருது."

அண்ணன் எழுந்து போய், சமையலறை நடுவில் நின்று, அடைத்த மூக்கால் பலமாக உறிஞ்சினார். ஒன்றும் தெரியவில்லை. தெரிகிற நிலையில் அந்த மூக்கும் இல்லை. ஆனால் நானூறு பக்கம் படித்தவருக்கு மூக்கு எதற்கு?

"ஒண்ணும் இல்லயே! இல்லாத வாசனை இருக்கற மாதிரி சில பேருக்குத் தோணும். அது மூளை பண்ற வேலை. ரெண்டு நாளா உனக்குத் தலைவலி இருந்திருக்கணுமே? வாசனை நரம்பு கொஞ்சம்…"

"எனக்குத் தலைவலி இல்ல. கேஸ் வருது."

"சரி, உன் திருப்திக்கு ஃபேனைப் போடறேன். இல்லாத வாசனை வெளியே போகட்டும்" என்று சிரித்துக்கொண்டே, புகைபோக்கி ஃபேன் சுவிட்சின் மேல் கை வைத்தார்.

அந்தக் கையின் மேல் பளார் என்று ஓர் அடி விழுந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவள் அவரை அடித்தது அதுதான் முதல் தடவை. அவர் கை தானாகப் பின்னால் வந்தது. அது எந்த நரம்பு வழியாக வந்தது என்று சொல்ல, முதல் தடவையாக அவருக்குத் தோன்றவில்லை.

"சுவிட்சைத் தொடாதீங்க! அவளைக் கூட்டிக்கிட்டு வெளியே போங்க!"

அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். மனைவி சிலிண்டரை மூடி, கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துபோட்டு, செருப்புகூடப் போடாமல் வெளியே வந்து, தெருவில் நின்று கேஸ்காரருக்குப் போன் பண்ணினாள்.

கேஸ்காரர் அரை மணியில் வந்தார். அடுப்புக்குப் பின்னால் சுவரில் உரசிக்கொண்டிருந்த ரப்பர் குழாயைக் கழற்றி, விரலால் வளைத்துக் காட்டினார். நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு.

"தரையோரமா கேஸ் நிறைய தேங்கியிருந்திருக்கு. நல்லவேளை, யாரும் சுவிட்ச் போடல. போட்டிருந்தா நான் குழாய் மாத்த வந்திருக்க மாட்டேன்."

குழாய் மாற்றி முடிகிற வரைக்கும் அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மனைவி வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்ன பண்ணுது?"

அண்ணன் வாயைத் திறந்தார். நானூறு பக்கமும் உள்ளே வரிசையில்தான் நின்றன. ஒன்றும் வெளியே வரவில்லை.

"பயமா இருக்கு" என்றார். "சுவிட்சுல கை வெச்சுட்டேனே. நீயும் அங்கதான நின்ன."

அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

"எனக்கு காலையிலேயே லேசா வந்துச்சு."

"காலையிலேயேவா? ஏன் சொல்லல?"

"சொன்னா எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு சொல்வீங்க. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நிஜமாவே வருதா, இல்ல எனக்குத்தான் ஏதாவதான்னு."

ஒரு மனுஷியின் மூக்கை அவளே நம்பாத அளவுக்குத் தான் பேசியிருக்கிறோம் என்பது அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சளி என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லவில்லை.

திருந்திவிட்டாரா என்கிறீர்களா? அவ்வளவு சுலபமா? கேஸ்காரர் கிளம்பும்போதே, "வாசனை இல்லாத கேஸுல நாத்தத்தைச் சேர்க்கறதே மூக்கை நம்பித்தான், தெரியுமா?" என்று பிடித்துக்கொண்டார். கேஸ்காரரோ, இருபது வருஷமாக அந்த வேலையில் இருக்கிறவர், "அப்படிங்களா சார்?" என்று ஆச்சரியப்பட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர்.

ஆனால் ஒரு மாற்றம் உண்டு. இப்போதெல்லாம் மனைவி ஏதாவது சொன்னால், அண்ணன் முதலில் எழுந்து போய்ப் பார்க்கிறார். பாடமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஹெட்மாஸ்டர் கதையைப் போன வாரம் முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த ஆளு பேசினது தப்பு" என்றார். அதோடு நிறுத்தவும் செய்தார். மனைவி அவர் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தாள்.

உங்களுக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. தெரியும். ஆனால் மேலே படித்துக்கொண்டு வரும்போது, பயத்தில் நாக்கு உலர்வதற்குச் சரியான காரணம் என்ன என்று இந்த ஆள் எழுதாமல் விட்டுவிட்டானே என்று மனசுக்குள் ஒரு பரபரப்பு வந்ததா? யாரையாவது கூப்பிட்டு அதை விளக்கவேண்டும் போலிருக்கிறதா? தாராளமாக விளக்குங்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் நிமிர்ந்து பாருங்கள்: நீங்கள் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் வீட்டில் ஒருத்தர் வாசலில் வந்து நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே இரண்டு தடவை உள்ளே போய்விட்டார்.