சுருட்டைமுடி நடிகை கன்னியாஸ்திரி ஆன கதை

கோடம்பாக்கத்துக் கல்யாணம் எதுவும் எங்கள் கீழ்வீட்டு அண்ணையின் சம்மதம் இல்லாமல் நடந்ததில்லை. அப்படி நடந்தவை நிலைத்ததும் இல்லை. அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழருக்கு அவர் கிசுகிசு அண்ணை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வெள்ளி வரைக்கும் தொழிற்சாலையில் வாய் திறக்காமல் வேலை செய்வார். சனிக்கிழமை காலையில் ரயிலேறி டுசல்டோர்ஃப் தமிழ்க்கடைக்குப் போவார். மனைவி சொல்லிவிட்ட முருங்கைக்காய் மறந்துபோகும். சினிமாப் பத்திரிகை மறக்காது. அது ஒரு மாதம் பழசு. அண்ணைக்குச் சுடச்சுடச் செய்தி.

பின்னேரம் நான் உடுப்புத் தோய்த்து, பிள்ளைகள் இருவரையும் குளிக்க வார்த்து, சோறு வடிக்கிற நேரம் பார்த்துக் கதவு மணி அடிக்கும்.

“தங்கச்சி, விசயம் தெரியுமே? மூண்டெழுத்து நடிகையும் மீசைக்கார நடிகரும் இப்ப கதைக்கிறேல்லையாம்.”

“ஆர் அண்ணை அது?”

“பேர் போடேல்லை. நான் கண்டுபிடிச்சிட்டன்.”

கீழே இருந்து அவருடைய மனைவியின் குரல் வரும்: “சொந்த மகள் எத்தினையாம் வகுப்பெண்டு கேளுங்கோ, முழிப்பார்!”

அந்த மகள் ஒருமுறை பள்ளிக்கூடத்தில், வார இறுதியை எப்படிக் கழித்தேன் என்று கட்டுரை எழுதினாள். சென்னையில் ஒரு மாமி விவாகரத்து எடுத்ததால் ஞாயிறு முழுக்க வீட்டில் துக்கம், அப்பா இறைச்சிக்கறி தொடவில்லை என்று எழுதிவிட்டாள். ஆசிரியை உடனே சந்திப்புக்கு டெர்மின் கொடுத்து அழைத்தார். மொழிபெயர்க்க நானும் போனேன்.

“உங்கள் சகோதரிக்கா இப்படி ஆனது?” என்று ஆசிரியை கனிவாகக் கேட்டார்.

“இல்லை. நடிகை. நல்ல பிள்ளை” என்றார் அண்ணை.

நான் மொழிபெயர்த்துவிட்டுக் குனிந்துகொண்டேன். ஆசிரியை எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தி, தலைமுடி வெட்டுகிற கடைப் பத்திரிகையில் தான் வாசிக்கும் ஓர் அரண்மனை மருமகளின் துயரத்தைச் சொல்லத் தொடங்கினார். அண்ணை உச்சுக் கொட்டினார். ஆசிரியையின் கண் கலங்கியது. மகளின் கணக்குப் பாடம் பற்றி ஒருவரும் வாயே திறக்கவில்லை.

அந்த வருடம்தான் எங்கள் வீட்டுக்குள்ளும் ஒரு செய்தி முளைத்தது. என் கணவர் டுசல்டோர்ஃபில் ஒரு நண்பரின் உணவகத்தில் வேலை பார்க்க ஆசைப்பட்டார். எல்லோரும் அங்கே போய்விடுவோம் என்றார். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் மாற்ற ஏலாது என்றேன் நான். பேச்சு சண்டையாகி, ஒரு சனிக்கிழமை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் ஏறிய ரயிலில் கிசுகிசு அண்ணையும் இருந்தார் என்று கேள்விப்பட்டேன். திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஒடுங்கிப்போய் இருந்தேன்.

ஒரு மூச்சும் வெளியே வரவில்லை. அடுத்த சனி காலையில் அண்ணை கதவைத் தட்டினார். “என்ர பிள்ளையளோட உம்மட பிள்ளையளையும் டுசல்டோர்ஃபுக்குக் கூட்டிக்கொண்டு போறன், தங்கச்சி. தேப்பனைப் பாத்திட்டு வரட்டும்.” வேறொன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனியும் கூட்டிப் போனார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். ஓர் அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, “எங்க, பிள்ளை, உம்மட மனுசன்? கனநாளாக் காணேல்லை” என்றார். மண்டபம் என்னைப் பார்த்தது.

“அக்கா, அதை விடுங்கோ!” என்று குறுக்கே பாய்ந்தார் அண்ணை. “அந்தச் சுருட்டைமுடி நடிகை கன்னியாஸ்திரியாகப் போறாவாம்!”

அவ்வளவுதான். தேநீர் ஆறிப்போனது. “எந்தச் சபையிலயாம்?” என்று பூசை வைத்த சுவாமியாரே வந்து கேட்டார். என் கணவரை எல்லோரும் மறந்துபோனார்கள். அப்படி ஒரு செய்தி எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை. அன்றுவரை கிசுகிசுவில் ஒரு நாளும் பொய் சேர்க்காத மனிதர் அவர்.

பிறகொரு சனிக்கிழமை, வரவேண்டிய ரயிலில் பிள்ளைகள் வரவில்லை. நிலையத்தில் பதறிக்கொண்டு நின்றேன். கடைசியில் எதிர்த்திசை ரயிலில் வந்து இறங்கினார்கள். பின்னால் அண்ணை. அவருக்கும் பின்னால், வெறுங்கையோடு என் கணவர்.

டுசல்டோர்ஃபில் பிள்ளைகளை ரயிலேற்றிவிட வந்தவரை, “ஒரு விசயம் சொல்லுறன், கேட்டிட்டு இறங்கும்” என்று அண்ணை இருத்திவிட்டாராம். கதவு மூடிவிட்டது. கதை முடியவில்லை. ஹம்மும் தாண்டி பீலஃபெல்ட் வரை போய்த் திரும்பியிருக்கிறார்கள்.

“வந்தது வந்திட்டன்,” என்றார் கணவர் என் முகத்தைப் பார்க்காமல், “சாப்பிட்டிட்டுப் போறன்.”

சாப்பிட்டார். போகவில்லை. அன்றுதான் முதல்முறையாகக் கத்தாமல் கதைத்தோம். வேலை டுசல்டோர்ஃபில், வீடு ஹம்மில், நடுவில் ரயில் என்று முடிவாயிற்று.

மறுநாள் அண்ணைக்குத் தேநீர் கொடுத்தபோது கேட்டேன்: “எல்லாம் தெரிஞ்சும் ஏன் அண்ணை ஒருத்தரிட்டையும் சொல்லேல்லை?”

அவருக்குக் கோபமே வந்துவிட்டது. “நடிகையைப் பற்றி எழுதினா படம் ஓடும். உம்மைப் பற்றிக் கதைச்சா உமக்கு என்ன ஓடும்?”

அடுப்பை நிறுத்திவிட்டு, கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன்.

“சொல்லுங்கோ அண்ணை,” என்றேன். “இந்தக் கிழமை ஆருக்குக் கலியாணம்?”