நெடுந்தீவுக்குப் போன கண்ணாடிப் பெட்டி

எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. வராவிட்டாலும் இறங்காது; ஏன் இன்னும் வரவில்லை என்று சந்தேகமாக இருக்கும்.

வெள்ளம் வடிந்த மாதம் அது. நயினாதீவில், காசு கட்டிப் படிக்கிற ஒரு சின்னஞ்சிறு பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. ஐந்தாம் வகுப்புத் தாரணியின் மூக்குக்கண்ணாடியை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. தகப்பனின் மீன்பிடி வள்ளமும் உடைந்து கிடந்ததால் புதிது வாங்க வழியில்லை. புலமைப்பரிசில் சோதனை நெருங்க நெருங்க, பிள்ளை கரும்பலகையில் மூக்கு உரச நின்று எழுதினாள்.

அப்போதுதான் நிவாரணத்தில் கண் பரிசோதனையும் கண்ணாடியும் வருவதாகச் சொன்னார்கள். நிவாரணம் பிள்ளைக்குத்தானாம், பள்ளிக்கூடத்துக்கு இல்லையாம். அதனால் தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் உண்டு. ஆனால் சாமானெல்லாம் அரசாங்கப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியரான அதிபரின் பொறுப்பில்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எங்கள் ஆசிரியர் ஒருவரோடு அங்கே போகவேண்டும்.

"அந்த அதிபர் எங்கடை பிள்ளைக்குத் தருவாரெண்டு நினைக்கிறியளோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"தருவார். நீர் பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போம்."

(இவரும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள். அதனால் இவர்மேலும் சந்தேகம்தான்.)

கண் பரிசோதனை நாளன்று, அதிபர் சாமானை வழியில் மாற்றிவிடுவாரோ என்று, காலையில் முதலாவது வள்ளத்திலேயே தீவுகளுக்கு வள்ளம் புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் போய், யாழ்ப்பாண பஸ் வருகிற இடத்தில் ஒளிந்து நின்றேன். குடையை முகத்துக்கு நேரே பிடித்திருந்ததால் ஆட்களின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அதிபரின் செருப்பு இறங்கியது. பிறகு நிவாரண முத்திரை ஒட்டிய பெரிய மட்டைப்பெட்டி இறங்கியது. துறையில் நின்றவர்கள் வழக்கம்போல அதைக் கைமாற்றி வள்ளத்தில் ஏற்ற, நானும் பின்னாலேயே ஏறி அதன்மேல் குந்திவிட்டேன். இனி யார் எடுக்கிறார் பார்ப்போம்! பெட்டியிலிருந்து பலாப்பழ வாசம் வந்தது. ஆளை ஏய்க்கச் செய்த தந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

வள்ளம் ஓடிக்கொண்டிருக்க அதிபரின் அழைப்பு வந்தது.

"ரீச்சர், எங்கை நிக்கிறியள்? டொக்டரும் நானும் வந்திட்டம். தாரணியும் வந்திட்டாள். நீங்கள் இல்லாமல் பார்க்க ஏலாதாம்."

வேவு பார்க்கிறார்!

"நான் பள்ளிக்கூடத்திலைதான் நிக்கிறன்."

"அங்கை ஏன் அலை அடிக்குது?"

போனை நிற்பாட்டிவிட்டுக் குடையை மடக்கினேன். நயினாதீவு எப்போதோ பின்னுக்குப் போயிருந்தது.

பக்கத்திலிருந்த அக்காவிடம், "இது எங்கை போகுது?" என்று கேட்டேன்.

"நெடுந்தீவுக்கெல்லோ! நீர் எவ்விடம்?"

நயினாதீவு என்று சொல்ல வாய் வரவில்லை. "கொழும்பு" என்றேன்.

நெடுந்தீவில் அதிபரின் தங்கச்சி வந்து பெட்டியைத் திறந்தா. உள்ளே இரண்டு பலாப்பழங்கள். பழைய நிவாரணப் பெட்டியில் அண்ணன் வாங்கி அனுப்பியது. கண் பார்க்கும் சாமான் டொக்டரின் தோள்பையில் போயிருக்கவேண்டும். என் புத்தியால் பிள்ளையின் கண்ணாடி போகப்போகிறதே என்று துறையிலேயே நின்று அழுதேன். கொழும்பிலிருந்து வந்த ரீச்சர் என்று சொன்ன எனக்கு அவ ஒரு துண்டு பழத்தைத் தந்துவிட்டுப் போன் எடுத்தா.

"அண்ணை, கொழும்பு ரீச்சர் ஒராள் உன்ரை பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு இஞ்சை அழுகிறா."

நான் திரும்பி வந்து சேரப் பின்னேரமாகிவிட்டது. அதிபர் சாப்பாடு, தேத்தண்ணி, கோயில் என்று சொல்லிச் சொல்லி டொக்டரை மறித்து வைத்திருந்தார். பக்கத்தில் தாரணி பொறுமையாக இருந்தாள். பரிசோதனை முடிந்த பிறகுதான் அவர், "பழம் நல்லதோ, ரீச்சர்?" என்றார். நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

புலமைப்பரிசில் சோதனைக்கு முன்னரே கண்ணாடி வந்து சேர்ந்தது. சந்தேகம் மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை. இப்போது என்மேலேயே வருகிறது. நான் வெளிக்கிடும்போதெல்லாம் கணவர், "வள்ளத்துப் போர்டை வாசிச்சுப்போட்டு ஏறும்" என்பார். அதையாவது பொறுக்கலாம். துறையில் என்னைக் கண்டால் தாரணி ஓடிவந்து, தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டுவாள்.

"ரீச்சர், போர்டை வாசிச்சுப்போட்டுத் தாங்கோ."