விசில்காரரின் பல்லிடுக்கும் ரப்பர் சங்கிலியும்

ஒரு பஸ் வரிசையையே தன் இரண்டு முன்பற்களுக்கு நடுவில் வைத்து நடத்திய மனிதர் இந்த நாட்டில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எனக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று நான் பல வருடங்கள் கடவுளைக் கேட்டிருக்கிறேன்.

கண்டியில் புசல்லாவை, நாவலப்பிட்டி பஸ்கள் நிற்கும் வரிசைக்கு அவர்தான் டைம்கீப்பர். தமிழர்கள் அவரை விசில்காரர் என்றார்கள்; சிங்கள டிரைவர்கள் 'விசில் ஐயே', அதாவது விசில் அண்ணே, என்றார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். வேலைக்கென்று அவருக்கு ஒரு விசில் கொடுத்திருந்தார்கள். அதன் நூலை மட்டும் அவிழ்த்துத் தன் மூக்குக்கண்ணாடிக்குக் கட்டிக்கொண்டார். விசில் எதற்கு? மேல் முன்பற்களுக்கு நடுவில் இருந்த இடைவெளியே போதுமாக இருந்தது. விரல் வைக்க மாட்டார். நாக்கை மடித்து ஒரு மூச்சு, அவ்வளவுதான். நீளமாக ஒன்று என்றால் புசல்லாவை. குட்டையாக இரண்டு என்றால் நாவலப்பிட்டி. நாலு மைல் தள்ளிப் பேராதனையில் நின்றிருந்த பஸ் ஒன்று அதைக் கேட்டுத் தானாகப் புறப்பட்டதாகச் சொல்வார்கள். நான் நம்புகிறேன்.

அதோடு நின்றிருந்தால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்? எனக்கென்று தனியாக ஒரு விசில் வைத்திருந்தார். நான் புசல்லாவைக்கு அப்பால் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். காலையில் குடையும் சாப்பாட்டுப் பையுமாக வீதி வளைவில் திரும்புவேன். உடனே கீழிருந்து மேலே ஏறி, நுனியில் ஒரு சுழி சுழிக்கும் விசில் புறப்படும். 'டீச்சர் வர்றாங்க, பஸ்ஸை எடுக்காதே' என்று அதற்குப் பொருள். பொருள் டிரைவருக்குத் தெரியும். வீதியில் போகிறவர்களுக்குத் தெரியுமா? நரை எட்டிப் பார்க்கும் வயதில், சேலை கட்டிய ஓர் ஆசிரியையை நோக்கி, ஊர் நடுவில், அப்படி ஒரு விசில்! மரக்கறிக் கடைக்காரர் தினமும் தராசை அந்தரத்தில் விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒருநாள் நேராகப் போய்க் கேட்டேன். "இந்தாங்க, இது என்ன பழக்கம்? கூப்பிடணும்னா மனுஷர் மாதிரிக் கூப்பிடுங்க."

"கத்திக் கூப்பிட்டா மரியாதை இல்லீங்களே, டீச்சர்."

"விசிலடிச்சா மரியாதையா?"

"அடிக்கலேன்னா பஸ்ஸு போயிரும். அப்புறம் சிவப்புக் கோட்டுக்குக் கீழதான் நீங்க கையெழுத்துப் போடணும். பரவாயில்லீங்களா?"

நேரம் தப்பி வருகிறவர்களுக்காகப் பாடசாலை அதிபர் வரவுப் புத்தகத்தில் சிவப்புக் கோடு இழுப்பது இந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? எரிச்சலோடு குடையை மடக்கினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நல்ல பதில்களாக வந்தன.

ஐம்பதைத் தாண்டியதும் அவருடைய ஈறு தளர்ந்தது. முன்பற்கள் மனஸ்தாபப்பட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் விலகிப் போயின. விசில் முதலில் தடித்தது. பிறகு சோடாப் போத்தல் திறக்கிற சத்தமாகியது. டிரைவர்கள் அவரவர் இஷ்டத்துக்குப் புறப்பட்டார்கள். மின்சார மணி பொருத்தப் போகிறோம், நீங்கள் இனி உள்ளே கதிரையில் உட்காரலாம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். வரிசையை விட்டு உள்ளே போவதென்றால் அவருக்கு உயிர் போகிற மாதிரி. எனக்கோ அன்று பண்டிகை.

பண்டிகையைக் கெடுக்கத்தான் அவர் பல்லுக்குக் கம்பி கட்டும் டாக்டரம்மாவிடம் போனார். எல்லோரும் இடைவெளியை மூடச் சொல்லிப் போவார்கள். இவர், "பாதி மூடினா போதும். நான் வேலைக்குச் சேர்ந்தப்ப இருந்த அளவுக்கு வரணும்" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சிரித்துவிட்டுச் சம்மதித்தாராம். அதன் பிறகு கம்பி அவர் வாயில். பாடம் என் தலையில். தினமும் பஸ் ஜன்னலருகே வந்து, வாயைப் பிளந்து, விளக்கம் சொல்வார்.

"கம்பிதாங்க தண்டவாளம். பல்லுதான் பெட்டி. இந்தா, குட்டிக் குட்டி வளையமா கோத்துக்கிட்டு வருது பாருங்க, அதுதான் ரப்பர் சங்கிலி. இழுத்து ஒவ்வொரு பல்லுலயும் மாட்டி விடுறாங்க. அது சுருங்கப் பாக்கும். சுருங்கறப்போ பல்லும் கூடவே வரும்."

"வாயை மூடுங்க, பிள்ளைகள் பாக்குது."

"மொத ரெண்டு நாளு சோறு மெல்ல ஏலாது. அப்புறம் சங்கிலிக்கே அலுத்துப் போயிரும். மாசம் ஒருக்கா புதுசு மாத்தணும்."

முதலில் நிறமில்லாத சங்கிலியாகக் கேட்டு வாங்கினார். வீட்டுப் பருப்புக்கறி அதை மஞ்சளாக்கிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து ஊதா. வேலை நேரத்தில், பொது இடத்தில், ஊதா நிறத்தில் சிரிக்கிற உத்தியோகத்தரை நீங்கள் கண்டிருக்கிறீர்களா?

ஆனால் உண்மையான அநியாயம் இனித்தான். இடைவெளி எவ்வளவு குறைந்தது என்று அறிய அவர் நினைத்த நேரத்தில் ஊதிப் பார்க்கத் தொடங்கினார். டிரைவர்கள் கடிகாரத்தை எப்போது பார்த்தார்கள்? சத்தம் தேறத் தேற, அவரை நம்பிப் பழையபடி பஸ்ஸை எடுத்தார்கள். ஒரு காலையில் நாவலப்பிட்டி பஸ்கள் மூன்று, ஒன்றன் பின் ஒன்றாக, பாதி ஆளோடு போயே போய்விட்டன. விசில்காரர் பின்னால் ஓடி, "டெஸ்ட்டு! டெஸ்ட்டு!" என்று கத்திக்கொண்டிருந்தார். புசல்லாவை பஸ்ஸும் ஒருநாள் அப்படிப் போயிற்று. அன்று நான் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த நாள் சண்டைக்கென்றே சீக்கிரம் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கதான் சொல்லணும், டீச்சர். அந்த வளைவுல நின்னு இத்தனை வருஷமா கேட்டவங்க நீங்க ஒராள்தான். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு மாதிரிக் கேக்குது. அங்க எப்படிக் கேக்குது?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் தவறான ஒன்றைச் சரியென்று விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எனக்கு இல்லை. "இன்னும் தடிப்பா இருக்கு" என்றேன். அன்றிலிருந்து சம்பளமில்லாத பரிசோதகர் ஆனேன். "நுனியில சுழி வரல்ல." "மேல ஏறுறப்போ உடையுது." காலையில் வேறு எந்த ஆசிரியைக்கு இந்த வேலை?

ஒரு திங்கட்கிழமை வளைவில் திரும்பினேன். விசில் வந்தது. குடையைப் பிடித்தபடி வீதி ஓரத்தில் நின்றுவிட்டேன். அதே ஏற்றம், நுனியில் அதே சுழி. மரக்கறிக் கடைக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

விசில்காரர் ஓடி வந்தார். "இதானே? இதானே, டீச்சர்?"

அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. அந்த மாதத்துப் புதுச் சங்கிலி மாட்டிச் சில நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் முறுக்கோடு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மாவோ வெளிநாட்டில். முதல் நாளே சந்தேகம் தட்டி விசில்காரர் போனில் கேட்டாராம். சங்கிலியை மட்டும் கழற்றலாம், கை நடுங்காத ஆள் வேண்டும், வந்ததும் பல்லின் பின்பக்கம் மெல்லிய கம்பி ஒட்டி அப்படியே நிறுத்திவிடுகிறேன் என்றாராம் அந்த அம்மா.

"அதுக்குள்ள சங்கிலி இடுக்கை மூடிருச்சுன்னா, அப்புறம் கரண்ட் மணிதான், டீச்சர்."

இன்னும் சரியாக வரவில்லை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். மிச்சத்தை அந்த ஊதாச் சங்கிலி பார்த்துக்கொண்டிருக்கும். ஆயுள் முழுவதும் நிம்மதி.

"இதுதான்" என்றேன்.

"அப்ப கழட்டி விடுங்க."

"நானா? உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ஓடுற பஸ்ஸுல நின்னுக்கிட்டே சேலைக்கு ஊக்கு குத்துவீங்க. ரம்பொடை மலை வளைவுல வச்சாலும் நூல் பிசகாதுன்னு கண்டக்டரே சொன்னான். இந்த ஊர்ல நடுங்காத கை அதுதான்."

நான் ஊக்கு குத்துவதைக்கூடப் பஸ் நிலையமே கவனித்து வந்திருக்கிறது! அதற்கு எவ்வளவு கோபப்பட வேண்டுமோ அவ்வளவும் பட்டேன். பிறகு தோளிலிருந்து ஊக்கைக் கழற்றி, கண்டக்டரின் போத்தல் தண்ணீரில் கழுவி, "வாயைத் திறங்க, அசையாதீங்க" என்றேன். டிரைவர்கள் சுற்றி நின்று வெளிச்சத்தை மறைத்தார்கள். விரட்டினேன். ஒவ்வொரு வளையமாக நெம்ப, கடைசி வளையம் துள்ளி என் உள்ளங்கையில் விழுந்தது. அத்தனை பெரிய மனிதரை இழுத்து வைத்திருந்த பொருள் ஒரு புழு அளவுகூட இல்லை.

அவர் நாக்கால் பற்களைத் தடவிப் பார்த்தார். மூச்சை இழுத்தார். ஆனால் ஊதவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"ஊதவா, டீச்சர்?"

"ஊதுங்க, அண்ணே" என்றேன்.